வெளிக்காட்டுக் கிராணியின் வெஸ்பா: மீட்பதா, விடுவதா?

வீட்டாருக்குள் மூன்று கட்சி. ஈப்போவில் வேலை செய்யும் பேரனுக்கு வண்டி ஷோரூமிலிருந்து இறங்கிய மேனிக்கு மின்ன வேண்டும். கிள்ளானில் குடியிருக்கும் மூத்த மகனுக்கு, கேட்கிறவருக்குக் கொடுத்துத் தலைமுழுக வேண்டும். யாரும் வராவிட்டால் பெசி பூரோக் (பழைய இரும்பு) லோரியில் ஏற்றிவிட வேண்டும். பாட்டிக்குப் போர்ச்சில் துணி காயப்போட இடம் வேண்டும். வண்டி, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் முன்னால் தார்ப்பாய் போர்த்தி நின்ற வெஸ்பா சூப்பர் 150. தோட்டப் பட்டறையில் டிராக்டரும் லோரியும் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். "செய்யலாமா, விட்டுடலாமா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க அங்கிள்" என்றான் பேரன்.

இப்படிப்பட்ட கேள்விக்கு என்னிடம் ஒரே வரிசைதான். முதலில் தகடு, அப்புறம் காகிதம், கடைசியில் எஞ்சின். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிக்கரை உதைப்பார்கள், பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். எஞ்சின் ஒரு தடவை இருமினால் போதும், அன்றைக்கே முன்பணம் கைமாறிவிடும். ஆனால் இந்த வயது வெஸ்பாவில் எஞ்சின்தான் மலிவான சங்கதி. அதற்கான எல்லா உருப்படியும் இன்றைக்கும் கிடைக்கிறது.

வண்டி எங்கே நின்றது

வண்டிக்குச் சொந்தக்காரரான பெரியவர், அதாவது பேரனின் தாத்தா, ரப்பர்த் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக (வெளிவேலையை மேற்பார்க்கும் எழுத்தராக) இருந்தவர். விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் அவரவர் மர நிறைக்குப் போனதும், இவர் வெஸ்பாவை எடுத்துக்கொண்டு செம்மண் பாதையில் சுற்றி வருவார். கால் வைக்கும் தளத்தில் சில நாள் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) மூட்டையும் ஏறியிருக்கிறது. பால் உறைய வைக்கப் பயன்படுத்தும் ஃபார்மிக் அமிலம் அந்த மூட்டையிலிருந்து சொட்டினால் இரும்புக்கு நல்லதல்ல. ஆனால் இந்த வண்டியைத் தின்றது அது இல்லை.

1950களின் பின்பாதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடலுக்குத் தப்பிய தோட்டங்களிலும் பிறகு பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. பெரியவர் வேலை பார்த்த தோட்டமும் அப்படித்தான். ரப்பர் போனதும் ஸ்டோரில் பால் பிடிக்கும் மங்கும் வாளியும் அடுக்கியிருந்த இடத்தை உரச் சாக்குகள் பிடித்துக்கொண்டன. ஓடாமல் நின்ற வெஸ்பாவை அந்தச் சாக்குகளின் பக்கத்திலேயே தள்ளிவிட்டார்கள். பல வருடம் அங்கேயே கிடந்தது. தோட்ட வீட்டைக் காலி செய்து தாமானுக்கு வந்தபோது வண்டியும் கூடவே வந்தது.

செம்பனைக்குப் போடும் உரத்தில் முக்கியமானது பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பின் நெருங்கிய உறவு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். குளோரைடு இரும்புக்குள் இறங்கிப் புள்ளி புள்ளியாகக் குடையும். உரச் சாக்குப் பக்கத்தில் கிடந்த வண்டி என்றதுமே, பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

தகடு

இந்த வண்டியில் தகடு ஏன் உயிர்நாடி என்பதைப் பேரனுக்கு முதலில் விளக்க வேண்டியிருந்தது. 1946இல் பியாஜியோ கம்பெனி இத்தாலியின் பொந்தெதேராவில் வெஸ்பாவைச் செய்யத் தொடங்கியது. அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஆகாய விமானப் பொறியாளர், மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காதவர். குழாய்ச் சட்டமே வேண்டாம் என்று முடிவு செய்து, அழுத்தி வளைத்த இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, உடலையே சட்டமாக்கினார். முட்டைக்கு ஓடு எப்படியோ இதற்கு உடல் அப்படி. உள்ளே எலும்பு கிடையாது. லம்பிரெட்டா வேறு ஜாதி. அதில் நடுவே குழாய்ச் சட்டம் ஓடும், மேலே திருகி மாட்டிய மூடிகள். லம்பிரெட்டா மூடி துருப்பிடித்தால் கழற்றி வேறொன்று போடலாம். வெஸ்பாவின் தளம் துருப்பிடித்தால் வண்டியின் இடுப்பு துருப்பிடித்தது என்று பொருள்.

தளத்தில் தடித்த ரப்பர் பாய் ஒன்று ஒட்டியிருந்தது. தோட்டத்து ஆட்கள் யாரோ அன்பாகச் செய்து கொடுத்ததாம். அதன் ஓரத்தைக் கத்தியால் கிளப்பினால் அடியில் இன்னும் ஈரம். தாமானுக்கு வந்து இத்தனை வருடமாகியும், தார்ப்பாய் போர்த்தியும் காயவில்லை. மழை நனைத்த ஈரமாக இருந்தால் பேராக்கின் வெயிலில் எப்போதோ போயிருக்கும். உப்பு பிடித்து வைத்த ஈரம் அது.

பாயை முழுக்க உரித்துவிட்டு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். இடது பாதியில் 'டங்' என்ற சத்தம். நடு மேட்டைத் தாண்டியதும் சத்தம் மாறிப் 'பொத்' என்றது. வலது பக்கம் குதிகால் படும் இடத்தில் முனையை வைத்து அழுத்தினால் இறங்கிவிட்டது. துணி சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டினேன். தளத்தில் மட்டும் பூசியிருந்த கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் பிடிக்கவே இல்லை. முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு பட்டறை, ஓட்டையின் மேல் சின்னத் தகடு வைத்துக் கேஸ் வெல்டிங்கில் ஒட்டி, மிச்சத்தைப் பட்டியால் (ஓட்டை அடைக்கும் பசையால்) மூடிச் சமாளித்திருந்தது. சாக்கு அடுக்கியிருந்ததும் வலது பக்கம்தான் என்று பாட்டி சொன்னார்.

வண்டியைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தோம். தளத்துக்குக் குறுக்கே ஓடும் தாங்கிகள் தளத்தோடு புள்ளி வெல்டிங்கில் சேர்ந்திருக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் பொங்கித் தாங்கியை வெளியே தள்ளியிருந்தது. வலது தாங்கிகள் கையோடு உதிர்ந்தன. நடுவே ஓடும் மேட்டுக்குள், பின் பிரேக் கேபிள் போகும் சுரங்கத்தில், டார்ச் அடித்தால் செதில் செதிலாகத் துரு. ஸ்டாண்டு பொருத்திய இடம் மோசம்.

அன்றைக்கு ஒரு சிறு சோதனையும் செய்தேன். தளத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளித் தகடு தெரிகிறவரை மினுக்கி, அப்படியே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை பேரன் கைப்பேசியில் படம் அனுப்பினான். மினுக்கிய இடம் முழுக்கக் கடுகு அளவில் செம்பழுப்பு நீர்த்துளிகள். தொட்டால் விரலில் ஒட்டும். உலர்ந்தால் மெல்லிய ஓடாக நிற்கும். சாதாரணத் துரு ஒரே இரவில் இப்படி வியர்க்காது. குழிகளுக்குள் குளோரைடு உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

பேரன் நினைத்திருந்த வேலை முழுவதும் இந்த இடத்தில்தான் கவிழ்ந்தது. ஈப்போவில் ஒரு பட்டறை, மணல் அடித்து, ஓட்டையை ஒட்டுப்போட்டு, இரண்டு வண்ண மெட்டாலிக் அடித்துத் தருகிறேன் என்று விலை சொல்லியிருந்தது. மணல் மேலே தெரியும் துருவைத் தின்னும். குழிக்குள் போன உப்பைத் தொடாது. சில நேரம் குழியின் வாயை அடித்து மூடி உப்பை உள்ளேயே பூட்டிவிடும். பெயிண்டின் பளபளப்பு இரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும், மறுபடி ஆரம்பத்திலிருந்து. வியட்நாமிலிருந்து மேல்நாட்டுக்குப் போன 'புதுசாக்கிய' பழைய ஸ்கூட்டர்கள் சிலவற்றுக்குக் கெட்ட பெயர் வந்ததும் இப்படித்தான்: மேலே கண்ணாடிப் பளபளப்பு, அடியில் பட்டியும் அரைகுறை வெல்டிங்கும்.

அதே நேரம், வண்டியைக் கைகழுவவும் காரணம் கிடைக்கவில்லை. நான் பயந்து பார்த்த இடங்கள் வேறு: ஹேண்டில் தண்டு இறங்கும் முன் கழுத்து, சீட்டுக்கு அடியில் டேங்க் உட்காரும் பெட்டி, எஞ்சின் தொங்கும் துளைகள், பின் ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடம். இவற்றில் ஒன்று உளுத்திருந்தாலும் "பெசி பூரோக்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்திருப்பேன். எல்லாம் கெட்டி. சாக்கின் உயரம் தளத்தைத் தாண்டவில்லை போலும். நோய் இடுப்புக்குக் கீழேயே நின்றிருந்தது.

காகிதம்

கெரான், அதாவது வண்டியின் பதிவுச் சான்று, பழைய பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது. இதுவே பாதி வெற்றி. காகிதம் இல்லாத வண்டியை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது போர்ச்சு அலங்காரம்தான்.

வலது பக்க மூடியைக் கழற்றி, சட்டத்தில் குத்தியிருந்த எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படித்தோம். முன்னெழுத்து விபிசி1டி. எஞ்சினில், பின் ஷாக் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விபிசி1எம். சூப்பர் 150க்கு உரிய ஜோடி அதுதான். கெரானில் இருந்த இரண்டு எண்களும் இலக்கம் இலக்கமாக ஒத்துப்போயின. பழைய தோட்ட வண்டிகளில் இதை எதிர்பார்க்க முடியாது. எஞ்சின் போனால் வேறொரு வண்டியின் எஞ்சினைத் தூக்கி மாட்டிக்கொண்டு, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பக்கமே போகாமல் ஓட்டியவர்கள் நிறைய.

நிறம் மட்டும் ஒத்துவரவில்லை. கெரானில் நீலம், வண்டி பச்சை. தோட்ட ஸ்டோரில் மிஞ்சிய பச்சை எனாமலைப் பிரஷ்ஷால் பூசியிருக்கிறார்கள் என்பது பிரஷ் கோட்டிலேயே தெரிந்தது. பெட்டி மூடிக்குள், பிரஷ் எட்டாத மூலையில், வெளிர் நீலம் இன்னும் இருந்தது.

பெரிய சிக்கல், பெயர் மாற்றம். கெரானில் உள்ளவர் காலமாகிவிட்டார். சாவியைக் கையில் வைத்திருப்பவர் வண்டிக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். இறந்தவர் விட்டுப்போனது அசையும் சொத்து மட்டும் என்றால் அமானா ராயா (அரசின் சொத்துப் பொறுப்பாட்சி நிறுவனம்) பக்கம் போகலாம். நிலமும் இருந்தால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவு. பெரியவருக்கு ஊருக்கு வெளியே துண்டு நிலம் ஒன்று இருந்ததால் இரண்டாவது வழி. வண்டியைப் பேரன் பெயருக்கு மாற்றும் வாரிசுப் பத்திரத்துக்கு வாரிசுகள் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதாவது, "வித்துத் தொலைங்க" என்று சொன்ன கிள்ளான் மகனின் கையெழுத்து இல்லாமல் பேரனின் கனவு ஓர் அங்குலமும் ஓடாது.

இதைச் சொன்னபோது பேரன் முகம் சுருங்கியது. "சாலை வரி இரண்டு வெள்ளிதான் அங்கிள்" என்றான். உண்மைதான். தீபகற்பத்தில் 150 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு வருட வரி இரண்டு ரிங்கிட். அந்த இரண்டு ரிங்கிட்டைக் கட்ட காப்புறுதி வேண்டும். காப்புறுதி எடுக்க உயிரோடிருக்கும் ஒரு பெயர் வேண்டும். அவனுடைய பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

எஞ்சின்

கிக்கர் இறங்கவில்லை. பேரன் ஏற்கெனவே ஏறி நின்று உதைத்துப் பார்த்திருக்கிறான். நல்ல வேளை, கிக்கர் பல் உடையவில்லை. இறுகிப்போன எஞ்சினைக் கிக்கரால் விடுவிக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, டீசலும் தானியங்கி கியர் எண்ணெயும் சம அளவில் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஊறவிட்டோம். பிறகு ஃபிளைவீலை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்ததில் ஒரு கட்டத்தில் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

இந்த எஞ்சினில் நான் தீர்ப்புக்கு முன் பார்க்க விரும்பிய இடம் ஒன்றே ஒன்று. சூப்பர் 150இல் கார்புரேட்டரிலிருந்து வரும் கலவையை, கிராங்க் ஷாஃப்ட்டின் தடித்த விளிம்பே சுற்றிச் சுற்றித் திறந்து மூடும். அந்த விளிம்புக்கும் எஞ்சின் கூட்டில் உள்ள அதன் தளத்துக்கும் இடைவெளி மிக மிகக் குறைவு. மணலோ துருத் தூளோ உள்ளே போய் அந்தத் தளத்தைக் கீறிவிட்டால் கூடே வீண். சிலிண்டரைக் கடைந்துவிடலாம், பிஸ்டன் மாற்றலாம். கீறிய கூட்டுக்கு அவ்வளவு சுலபமான வழி இல்லை. கார்புரேட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். எண்ணெய்ப் படலத்தோடு சுத்தமாக இருந்தது. மூடி ஒழுங்காக மூடியிருந்ததால் தப்பித்தது.

மற்றதெல்லாம் வழக்கமான பட்டியல். 57 மில்லிமீட்டர் உள்விட்டச் சிலிண்டரில் பிஸ்டன் நின்ற இடத்தில் துரு வளையம். கடைந்து அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும். கிராங்க்கின் ரப்பர் சீல்கள் கல்லாகிவிட்டன. சீல் போனால் காற்று புகுந்து எஞ்சின் வறண்டு சூடேறும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் எண்ணெயை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். ஃபிளைவீலுக்கு அடியில் வயர்களின் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிளக்குக்குப் பொறி தரும் பாயிண்ட் அரித்துப்போயிருந்தது, புதிதாகப் போட்டு 0.3இலிருந்து 0.5 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வைத்தால் போதும். ஈயம் இல்லாத பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுத்துவிடாதா என்று பேரன் கேட்டான். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது, ஈயம் காக்க வேண்டிய இடமே இல்லை. ரோன் 95 பெட்ரோலும், லிட்டருக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலும் போதும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது அவனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அந்தக் காலத்துப் பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதுவது நம் பட்டறைகளில் கைப்பழக்கம். இந்த வேலையில் அது கூடாது. ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டினோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதனால் காய்ந்த நிலையில் சாண்ட் பேப்பர் போடவும் விடவில்லை.

கணக்கும் கிள்ளான் மகனும்

முழுப் புதுப்பிப்புக்கு ஈப்போ பட்டறை சொன்ன தொகை ஒன்பதாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்று மேல். தளமும் எஞ்சினும் மட்டும் ஒழுங்காகச் செய்ய, உருப்படிகளையும் வெல்டிங் கூலியையும் சேர்த்து நான் போட்ட கணக்கு அதில் பாதிக்கும் கீழே வந்தது.

மூத்த மகன் தொலைபேசியில் நேராகவே கேட்டார். "அண்ணே, அந்தக் காசுக்கு ஓடுற வண்டியே ஒண்ணு வாங்கிடலாம் லா. எதுக்கு இந்தக் கூத்து?" அவர் சொன்னது பொய் இல்லை. முழுப் புதுப்பிப்புக்குப் பதிலாக வேறொரு நல்ல வண்டியை வாங்கிவிடலாம் என்பதை நானே பேரனிடம் முன்பே சொல்லியிருந்தேன். விற்கும் நோக்கத்தோடு பழைய ஸ்கூட்டரைப் புதுப்பிக்கிறவர்கள், உழைப்புக் கூலியைக் கணக்கில் எடுத்தால், பெரும்பாலும் நஷ்டத்தில்தான் முடிப்பார்கள். லாபம் பார்க்கிறவர்கள் சொந்தமாக வெல்டிங் தெரிந்தவர்கள்.

ஆனால் மகனின் யோசனையிலும் ஓர் ஓட்டை. இப்போதைய நிலையில் விற்றால், வாங்குகிறவர் தளத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்பார். பெயர் மாற்றாமல் விற்கவும் முடியாது. பெயர் மாற்ற அதே வாரிசுப் பத்திரம்தான் வேண்டும். பெசி பூரோக் காரர் கிலோ கணக்கில் எடுப்பார். நூறு கிலோ வராத இரும்புக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது? எந்த வழியில் போனாலும் வாரிசுப் பத்திரம் முதலில் வேண்டும். அதிகச் செலவில்லாத அந்த வேலையை முதலில் முடிப்போம் என்றதும் அவர் இறங்கி வந்தார். ஒரு நிபந்தனை போட்டார்: யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும், பிற்பாடு விற்றால் அந்த விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும். நியாயமான மனிதர். பாட்டிக்குத் துணிக் கொடி பின்கட்டுக்கு மாறியது.

தீர்ப்பு

வண்டியை மீட்கலாம், ஆனால் புதுசாக்க வேண்டாம் என்றேன். தளத்தை முழுக்க வெட்டி எடுத்து மாற்றுவது, எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது, பெயிண்டே அடிக்காமல் அடியில் இருக்கும் நீலத்தை வெளியே கொண்டுவருவது.

தளத்தில் இடது பாதி நன்றாக இருக்கிறதே, வலதை மட்டும் ஒட்டுப்போட்டால் என்ன என்று பேரனும் வெல்டரும் கேட்டார்கள். சாதாரணத் துருவாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்; அசல் தகடு எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது. இங்கே உப்பு. இடது பக்கத்திலும் பாயின் அடியில் அதே ஈரம் இருந்திருக்கிறது. குழிக்குள் இறங்கிய குளோரைடைக் கழுவி எடுப்பது மாதக்கணக்கான வேலை, அப்போதும் உறுதி கிடையாது. அந்தத் தகட்டையே வெட்டித் தூக்கி எறிவதுதான் கழுவுவதிலேயே சிறந்த கழுவல். தளத்தைக் கழற்றினால் நடுச் சுரங்கத்தின் உள்பக்கமும் திறந்து கிடைக்கும். மூடிய நிலையில் அங்கே எதுவும் செய்ய முடியாது.

மாற்றுத் தளம் வாங்கும்போது கொஞ்சம் தாராளமாக இருக்கச் சொன்னேன். பஜாஜ் கம்பெனி 1971 வரை பியாஜியோவின் உரிமத்தோடு வெஸ்பாவைத் தயாரித்தது. இந்தியாவில் இன்றும் இந்தத் தலைமுறை வண்டிகளுக்கு ஏகப்பட்ட உருப்படிகள் செய்கிறார்கள். பல நன்றாகவே இருக்கும். சிலதில் தகடு மெலிசு, மேட்டுக் கோடுகள் அசலோடு ஒட்டாது. கையில் எடுத்துப் பார்த்து, அசலில் துருப்பிடிக்காத ஒரு துண்டோடு தடிமனை ஒப்பிட்ட பிறகே காசு கொடுக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையை மட்டும் நான் கூடவே நின்று செய்வித்தேன். தளம் போய்விட்டால் வண்டியின் முன் பாதிக்கும் பின் பாதிக்கும் சரியான பிடி இல்லை. அதனால் முன் கழுத்திலிருந்து சீட்டுப் பெட்டிவரை இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் தற்காலிகமாகப் பற்றவைத்து, சக்கரங்களின் நேரை நூல் பிடித்துப் பார்த்து, அதன் பிறகுதான் கிரைண்டரைத் தொட விட்டேன். இதைச் செய்யாமல் வெட்டினால், புதுத் தளம் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் வண்டி சாகும்வரை ஒரு பக்கமாக இழுக்கும்.

சுரங்கத்தின் உள்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரும் சலவைச் சோடாவும் கலந்து பலமுறை கழுவி, ஒவ்வொரு முறையும் காயவிட்டு, வியர்க்கிறதா என்று இரவு முழுக்க விட்டுப் பார்த்தோம். துளி நின்ற பிறகே பாஸ்பரிக் அமிலக் கரைசலும் ஜிங்க் ப்ரைமரும். வெல்டர் இதைப் பார்த்து, "பட்டறைல யாருண்ணே இவ்ளோ நேரம் காத்திருப்பாங்க?" என்றார். காத்திருக்க முடியாததற்காகப் பட்டறைகளை நான் குறை சொல்வதில்லை. அவர்களுக்கு வாடகை ஓடுகிறது. வீட்டு போர்ச்சில் செய்கிறவனுக்கு இருக்கும் ஒரே வசதி நேரம்.

பச்சை எனாமலைத் தின்னரும் பிளாஸ்டிக் சுரண்டியும் வைத்துச் சின்னச் சின்னக் கட்டமாகப் பேரனே எடுத்தான். கம்பெனியில் சூட்டில் உலர்த்திய அடிப் பெயிண்ட் தின்னருக்கு அவ்வளவு சீக்கிரம் இளகாது. மேலே பூசிய எனாமல் இளகும். அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்தால் இரண்டும் போகும். பக்க மூடிகளில் இருந்த துருக் கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் ஊற வைத்து எடுத்தோம். அது துருவைக் கரைக்கும், பெயிண்டை விட்டுவைக்கும். கையுறை கட்டாயம், பிறகு நிறைய தண்ணீர். வந்த நீலம் ஒரே சீராக இல்லை. முழங்கால் உரசும் இடத்தில் ப்ரைமர் தெரிகிறது, ஹேண்டில் ஓரத்தில் இரும்பே தெரிகிறது. கெரானில் உள்ள நிறமும் வண்டியின் நிறமும் இப்போது ஒன்று.

மெட்டாலிக் ஆசையைப் பேரன் முழுக்க விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன். புதுத் தளத்துக்கு மட்டும் அந்த நீலத்தைக் கலந்து அடித்தபோது, மீதி உடலோடு சேரவில்லை என்று முணுமுணுத்தான். தளம் பளிச்சென்று, உடல் வெளுத்துப்போய். எனக்கும் அது கண்ணை உறுத்துகிறது. ஆனால் எது மாற்றியது, எது அசல் என்பது யார் பார்த்தாலும் தெரியும். விற்கும் நாள் வந்தால், காந்தத்தோடு வருகிறவரிடம் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

எஞ்சின் ஸ்டாண்டில் வைத்தபடி ஓடுகிறது. கடைந்த சிலிண்டர் பழகும்வரை ஆயிலைச் சற்றுக் கூட்டி ஊற்றுகிறான். நில அலுவலகத்தில் விசாரணைத் தேதி வந்து, பாட்டியும் பிள்ளைகளும் போய்க் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். பத்திரம் கைக்கு வந்ததும் ஜேபிஜே, காப்புறுதி, அப்புறம் அந்த இரண்டு வெள்ளி. அதுவரை தாமான் வாசலைத் தாண்டக் கூடாது என்று பேரனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆண்டுக் கடைசி மழை ஓய்ந்ததும் டார்ச்சோடு மறுபடி போய்ப் பார்த்தேன். தளமும் சுரங்கமும் சுத்தம். பிரேக் பெடல் நுழையும் ஓட்டையின் விளிம்பில் மட்டும் இரண்டு மூன்று செம்பழுப்புத் துளிகள். அங்கே பழைய தகடு ஒரு விரலளவு மிஞ்சியிருக்கிறது. மறுபடி கழுவி, காயவிட்டு, மெழுகு பூசியாயிற்று. கால் தடுப்பின் அடி மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பேரன் கேட்கிறான். அதைப் பிரித்தால் மேலே உள்ள நீலப் பெயிண்டும் கூடவே உரியும்; துளி அங்கே தலைகாட்டினால் பிரிப்போம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.